கண்டிக்குப் போகாதவர்களின் கண்டிப் பயணம்

கடந்த தவணைப் பரீட்சையில் தரம் 11 மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடத்தில் கட்டுரைக்காகக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'மறக்க முடியாத ஒரு நாள்' என்பதாகும். விடைத்தாள்கள் 34. அவற்றுள் 27 இல் ஒரே பயணம். எல்லோரும் அதிகாலை ஐந்து மணிக்கு எழும்புகிறார்கள். பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு கண்டிக்குப் போகிறார்கள். பேராதனைப் பூங்காவில் பகல் சாப்பாடு. பின்னர் தலதா மாளிகை. இரவு களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புகிறார்கள். அநேகமான தாள்களில் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை இருந்தது. தேடிப் பார்த்ததில், பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் வழிகாட்டி நூலில் அந்தச் சொல் பிழையாக அச்சாகியிருந்தது. அச்சுப்பிழையையும் மனனம் செய்திருந்தார்கள்.

அந்த 27 பேரில் கண்டியைக் கண்டவர்கள் மூவர்.

நான் தமிழ் ஆசிரியன். ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்று, பதிலுக்கு எவரும் வராத நிலையில் அந்தத் தாள்கள் என்னிடம் வந்தன. எனவே, ஆங்கிலம் கற்பிப்பதில் நிபுணன் என்ற உரிமையோடு இதனை எழுதவில்லை. நம் பிள்ளைகளின் சொந்தச் சொல்லைப் பறித்தவர்களில் நானும் ஒருவன் என்பதாலேயே எழுதுகிறேன்.

ஒரு மாணவியை அழைத்துக் கேட்டேன். "மகள், நீங்க கண்டிக்குப் போயிருக்கிறீங்களா?"

"இல்ல சேர்."

"அப்ப உங்களுக்கு மறக்க ஏலாத நாள் எது?"

சற்று யோசித்தாள். "உம்மா குவைத்துல இருந்து வந்த நாள் சேர். தம்பிக்கு உம்மாவ அடையாளம் தெரியல்ல. தூக்கப் போனாங்க. அவன் என்னப் புடிச்சிக்கிட்டு அழுதான். உம்மாவும் அழுதாங்க."

ஐந்தாறு வாக்கியங்கள். இதைவிடச் சிறந்த கட்டுரையை எந்த வழிகாட்டி நூலாசிரியரால் எழுதிக்கொடுக்க முடியும்? "இதையே தமிழில் எழுதிக் கொண்டு வாங்க, பிறகு ஆங்கிலத்துக்கு மாத்துவம்" என்று கூறி அனுப்பினேன். மறுநாள் கொப்பியைக் கொண்டுவந்தாள். அதன் முதல் வாக்கியம் இதுதான்: 'மனித வாழ்விலே மறக்க முடியாத நாட்கள் பல உள்ளன.' அதனைத் தொடர்ந்து, தாயின் பெருமை பற்றி ஒரு பக்கம். குவைத் இல்லை. தம்பி இல்லை. அழுகை இல்லை.

அந்த முதல் வாக்கியத்தை அவளுக்குக் கற்பித்தது ஆங்கில ஆசிரியர் அல்லர். நான்.

நமது கிராமங்களில் ஆங்கிலம் ஏன் சித்திபெறவில்லை என்று கேட்டால் எல்லோரிடமும் விடை தயாராக இருக்கிறது. ஆசிரியர் இல்லை, வீட்டில் பேசுவோர் இல்லை, வறுமை. இவை யாவும் உண்மையே; நானும் வலயக் கல்விப் பணிமனையின் படிகளில் ஏறி இறங்கியவன்தான். ஆனால், இந்த விடைகளுக்குப் பின்னால் ஓர் உண்மையை ஒளித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தெரியாத நம் பிள்ளைக்குத் தமிழிலும் கட்டுரை எழுதத் தெரியாது. தமிழில் அது தெரியவராமல் மறைந்து நிற்கிறது, ஆங்கிலத்தில் அம்பலமாகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கில மொழி இரண்டாம் வினாத்தாள் இறுதியில் கேட்பது என்ன? கொடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்றைத் தெரிந்து ஏறத்தாழ 200 சொற்கள் எழுதவேண்டும். கட்டுரையாக இருக்கலாம், பேச்சு, உரையாடல், கதையாகவும் இருக்கலாம். 200 சொற்கள் என்பது இருபது சிறு வாக்கியங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு உலகத்தைப் பற்றிச் சொல்ல இருபது வாக்கியங்கள் இல்லையா? இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சொல்லலாம் என்று அதற்கு எவரும் சொல்லவில்லை. கண்டிப் பயணத்தை மனனம் செய்துகொண்டு போன பிள்ளைக்கு முன்னால் பொலித்தீன் பாவனை பற்றிய பேச்சு வந்து நின்றால், அது பேச்சுக்குள்ளும் பஸ் ஏறிக் கண்டிக்கே போகிறது. தலைப்புக்குப் பொருந்தாத உள்ளடக்கத்துக்கு எந்தப் பரீட்சகர் புள்ளி வழங்குவார்? மனனம் செய்தால் பாஸ் பண்ணலாம் என்ற வாதம் பரீட்சை மண்டபத்திலேயே தோற்றுவிடுகிறது.

"மனனம் நமது மரபு, அல்குர்ஆனையே நாம் மனனம் செய்துதானே பாதுகாத்தோம்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறேன். ஹிப்ழ் செய்பவர் அல்லாஹ்வின் வார்த்தையை ஓர் எழுத்தும் மாறாமல் காக்கிறார். அங்கே தன் சொல்லைச் சேர்ப்பதுதான் குற்றம். கட்டுரை எழுதுபவரோ தான் கண்டதைச் சொல்கிறார். அங்கே பிறர் சொல்லைத் தன்னுடையதாகக் காட்டுவதுதான் குற்றம். முன்னது அமானிதம். பின்னது சாட்சியம். காணாத கண்டியைக் கண்டதாக எழுதும்படி பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவது இரண்டுக்கும் செய்யும் அவமரியாதை.

இனி, இச்சஞ்சிகையின் வாசகர்களாகிய இலக்கிய நண்பர்களிடம் நேராகவே வருகிறேன். நமது மீலாத் விழாப் பேச்சுப் போட்டிகளுக்கு உரை எழுதுபவர்கள் யார்? நாம். பிள்ளை மனனம் செய்கிறது, கையை உயர்த்துகிறது, நாம் நடுவராக அமர்ந்து நமது உரைக்கே முதற்பரிசு வழங்குகிறோம். தமிழ்த்தினக் கட்டுரைப் போட்டிக்கு 'வந்தாலும் வரும்' என்று பத்துத் தலைப்புகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பவர்கள் யார்? நாம். மாதிரிக் கட்டுரை நூல்களை அச்சிட்டுக் கிராமம் கிராமமாக விற்பவர்களுள்ளும் நம்மவர்கள் இல்லையா? கவிதையிலும் சிறுகதையிலும் 'சுயமான குரல்' வேண்டும் என்று முழங்குகிறோம். வகுப்பறையில் அந்தக் குரலை ஆண்டு ஆறிலேயே நெரித்துவிட்டு, இருபது வருடம் கழித்து 'இளம் எழுத்தாளர்கள் உருவாகவில்லையே' என்று ஆசிரியர் தலையங்கம் எழுதுகிறோம்.

நம்மில் வேறொரு சாராரும் உளர். மேடையில் தமிழின் பெருமை பேசிவிட்டுத் தம் பிள்ளைகளை நகரத்துச் சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்புவோர். அது அவர்களது உரிமை. ஆனால், கிராமத்துப் பிள்ளைக்கு 'ஆங்கிலம் அந்நிய மொழி, நமக்கு எதற்கு' என்று உபதேசிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. சிங்களச் சகோதரர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்கிறார்கள். வாள் என்று பொருள். வாளைத் தன் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அகிம்சை போதிப்பது நேர்மையல்ல.

சித்தி லெப்பையை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அவர் சட்டத்தரணி; ஆங்கிலம் கற்றவர். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று சமூகத்தோடு போராடியவர், தன் சமூகத்துக்குச் சொல்லவேண்டியதைத் தமிழிலேயே எழுதினார். அவருக்கு ஆங்கிலம் தமிழின் பகையாக இருக்கவில்லை. இரண்டிலும் சொல்ல அவரிடம் ஒரு விடயம் இருந்தது. நாமோ அவரது படத்துக்கு முன்னால் நின்று அவரைப் பற்றிய மனனக் கட்டுரையை ஒப்புவிக்கச் செய்கிறோம்.

இது வெறும் புள்ளிகளின் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். 1987 இல் கொண்டுவரப்பட்ட 13 ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்றது. நான் யார், எனக்கு என்ன நடந்தது என்று மற்றவருக்குச் சொல்வதற்கே இணைப்பு மொழி. 2019 ஏப்ரல் 21 இன் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு நாம் யார் என்று நாடே நம்மைக் கேட்டது. 2020 இல் கொவிட் தொற்றினால் இறந்தோரின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் ஒரு மனு எழுத ஆள் தேடி அலைந்தோம். சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்திபெற்ற வாலிபர்கள் ஊரில் இருக்கத்தான் செய்தார்கள். ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். விடுமுறை கேட்கும் கடிதத்தின் வாக்கியங்களில் நமது துயரம் இருந்தது. அவரிடம் குறை காணவில்லை. நாம் கொடுத்த வாக்கியங்கள் அவையே. கண்டிப் பயணம் மட்டும் தெரிந்த பிள்ளை, மையவாடியைப் பற்றி எந்தச் சொல்லால் எழுதும்?

குறை மட்டும் சொல்லிப் போக விரும்பவில்லை. அந்த மாணவியோடு நான் செய்ததைச் சொல்கிறேன். கொப்பியை மூடச் சொன்னேன். முதல் நாள் வாயால் சொன்னதை மீண்டும் சொல்லச் சொல்லி, அதனை அப்படியே எழுதச் செய்தேன். 'உம்மா வந்து, பேக்கை வைத்துவிட்டு, தம்பியைத் தூக்கப் போக, அவன் அழுதான்' என்று வந்தது. தமிழில் இது ஒரே வாக்கியம். எச்சங்களை அடுக்கி இறுதியில் ஒரு முற்று வைத்தால் போதும். இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் நம் பிள்ளை விழுகிறது. எனவே நான்காக உடைத்தோம். உம்மா வந்தார். அவர் பேக்கை வைத்தார். அவர் தம்பியைத் தூக்கப் போனார். தம்பி அழுதான். தமிழில் 'அவர்' இல்லாமலும் வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் நிற்காது என்று காட்டினேன். வினை நம் மொழியில் கடைசியில் வரும், அங்கே எழுவாய்க்கு அடுத்து வரும் என்றேன். தேவைப்பட்ட இறந்தகால வினைகள் ஒரு டசின்கூட இல்லை. அகராதியில் இருவருமாகத் தேடினோம். பிழையோடுதான் எழுதினாள். ஆனால் அந்தப் பிழைகள் அவளுடையவை, அச்சகத்தினுடையவை அல்ல. சொந்தப் பிழையைத் திருத்தலாம். இரவல் பிழையை மனனம் செய்யத்தான் முடியும்.

ஆங்கில ஆசிரியர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது. தமிழ் ஆசிரியர் தொடங்கலாம், தரம் 6 இலேயே தொடங்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், தான் கண்டதை மட்டும் பத்து வாக்கியத்தில் எழுதச் செய்யலாம். 'மனித வாழ்விலே' என்று தொடங்கும் கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கலாம். இலக்கிய நண்பர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த மீலாத் மேடைக்கு எந்தப் பிள்ளைக்கும் உரை எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளை தடுமாறட்டும், நடுவில் நிற்கட்டும், இரண்டு நிமிடத்தில் இறங்கட்டும். பரிசை அதற்கே கொடுங்கள்.

இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் நம் பிள்ளைகள் மீண்டும் கண்டிக்குப் போவதா, தம் வீட்டுக்கு வருவதா என்பது அவர்களது கையில் இல்லை. நமது கையில் இருக்கிறது.