அறிவின் பயன்

நாட்டைப் பற்றிய வியத்தகு செய்திகளை மனப்பாடம் செய்வோர் பலர். தம் ஊரின் சிறப்பை அறிந்தோர் சிலரே. மதுரைக்குத் தென்மேற்கே உள்ளது டி. கல்லுப்பட்டி. 1892-இல் தஞ்சையிற் பிறந்து, இலண்டனிற் கணக்கியல் பயின்ற ஜே. சி. குமரப்பா, தம் இறுதிக் காலத்தில் இவ்வூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தையே உறைவிடமாகக் கொண்டார்.

நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும் செல்வங்கள். ஆறும் காடும் பேணினால் என்றும் பயன்தருவன. ஆதலின் பின்னவற்றையே வாழ்வுக்கு அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்றார் அவர்.

அண்ணல் காந்தியடிகள் மறைந்த சனவரி 30-ஆம் நாளிலேயே, 1960-இல் குமரப்பாவும் மறைந்தார். இவ்வொற்றுமையை வியந்து நிற்றல் மட்டும் போதுமோ? போதாது. அவர் கருத்தை உணர்ந்து, நம் ஊர்க் கண்மாயைத் தூர்ந்துபோகாமற் காப்பதே அறிவின் பயனாகும்.