கைநாட்டு நியூட்டனும் கையெழுத்து நியூட்டனும்

ஐசக் நியூட்டன் என்றால் எல்லோருக்கும் ஒருவரைத்தான் தெரியும். அதே பெயரில் அவருக்கு முன்னால் இன்னொரு ஐசக் நியூட்டன் இருந்தார். அவர் அப்பா. லிங்கன்ஷயரில் வுல்ஸ்தார்ப் என்ற குக்கிராமத்து விவசாயி. அவருக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது, கைநாட்டுத்தான். 1642 அக்டோபரில், முப்பத்தாறு வயதில் செத்துப் போனார். மகன் பிறந்தது அந்த டிசம்பர் 25. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

இங்கிலாந்தில் பரம்பரை தேடுவது பெரிய பொழுதுபோக்கு. இணையத்தில் குடும்ப மரம் வரைந்து தரும் தளங்களுக்கும் குறைவில்லை. அவற்றில் சிலவற்றை மேய்ந்து பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். முந்தைய நூற்றாண்டுகளில் எல்லோருக்கும் ஒரு பிரபுவோ நைட்டோ தாத்தாவாக அகப்பட்டுவிடுகிறார். ஆடு மேய்த்தவன், ஏர் ஓட்டியவன் வம்சமெல்லாம் எங்கே போயிற்றோ! ஒரு ஜானுக்கும் அதே ஊரில் இருந்த இன்னொரு ஜானுக்கும் கோடு இழுக்க ஒரு சொடுக்கு போதும், அடுத்தவர் அதை அப்படியே காப்பி அடித்துக்கொள்வார்.

இந்த வியாதி இணையத்தோடு வந்ததல்ல. நியூட்டனுக்கே இருந்தது.

1705 ஏப்ரலில் ஆன் ராணி கேம்பிரிட்ஜுக்கு வந்து அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார். பட்டம் வந்தால் குலச்சின்னம் வேண்டும், அதற்கு வம்சாவளி வேண்டும். புவியீர்ப்பைக் கணக்குப் போட்ட மனிதர் உட்கார்ந்து தன் முன்னோர் பட்டியலைத் திரும்பத் திரும்ப எழுதித் திருத்தினார். கடைசியில் வெஸ்ட்பி என்ற பக்கத்து ஊர் ஜான் நியூட்டனிலிருந்து தன் வழியைக் காட்டி, சர் ஜான் நியூட்டன் என்ற பாரனெட்டோடு சொந்தம் கொண்டாடி, குலச்சின்னங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் கொடுத்தார். அது முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. வெஸ்ட்பி நியூட்டன்கள் இருந்தது நிஜம், அவர்கள் வழியில் வந்ததும் நிஜம்தான். ஆனால் பிறகு ஒரு சமயம் ஜேம்ஸ் கிரிகரி என்ற எடின்பரோ பேராசிரியரிடம் தன் பூர்வீகம் ஸ்காட்லாந்து என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. தத்துவவாதி தாமஸ் ரீட் எழுதிய கடிதம் வழியாக அது நமக்குக் கிடைத்திருக்கிறது. நிஜமாகவே சொல்லியிருந்தால், இரண்டில் எது சரி என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது அந்தக் கைநாட்டு மனிதரிடம் வரலாம். அவரைத் தேட வம்சாவளிப் பட்டியல் சல்லிக்காசுக்குப் பிரயோஜனமில்லை. உபயோகமானவை வேறு காகிதங்கள், யாருடைய பெருமைக்காகவும் எழுதப்படாத காகிதங்கள்.

முதலாவது, தேவாலயப் பதிவேடு. 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். இங்கிலாந்தின் சாதாரண குடியானவனுக்குச் சரித்திரம் ஆரம்பமாவது ஏறக்குறைய அங்கேதான். ஆனால் படிக்கிறவர் காலை வாரிவிடும் பள்ளங்கள் அதில் நிறைய. ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர். பெயரின் எழுத்துக்கூட்டல் எழுதுகிறவர் இஷ்டம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஊர்களில் பக்கங்களே இல்லை. இதையெல்லாம் தாண்டி வந்தால் வருஷக் குழப்பம். அப்போது அங்கே புதுவருஷம் பிறப்பது மார்ச் 25. ஆகவே நியூட்டன் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த ஜனவரி 1, நம் கணக்கில் 1643, அவர்கள் கணக்கில் இன்னும் 1642. இது தெரியாமல் மரம் வரைகிறவர்கள் பிள்ளை பிறந்து மூன்று மாசம் கழித்துப் பெற்றோருக்குக் கல்யாணம் செய்து வைத்துவிடுவார்கள்.

இரண்டாவதுதான் தங்கச் சுரங்கம். ஒருவர் செத்தால் அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்து, இருக்கிற சாமான்களையெல்லாம் மதிப்புப் போட்டு எழுதுவார்கள். 1529-இல் வந்த சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது. நிலம் இதில் சேராது. படுக்கை, பாத்திரம், தானியம், ஆடு, மாடு, கலப்பை என்று அசையும் சொத்து மட்டும். அப்பா நியூட்டனின் பட்டியலின் மொத்த மதிப்பு 459 பவுன் 12 ஷில்லிங் 4 பென்ஸ். செம்மறி ஆடு 234, மாடு 46. அந்த வட்டாரத்தின் சராசரிக் குடியானவனிடம் இருந்ததைப் போல இது பல மடங்கு. அவர் ஏழையும் இல்லை, பிரபுவும் இல்லை. 'யோமன்' என்று அங்கே சொல்வார்கள், சொந்த நிலத்தில் பயிர் வைக்கும் வசதியான சம்சாரி. அதற்குக் கீழே சிறு விவசாயிகளும் கூலியாட்களும், மேலே 'ஜென்டில்மேன்'கள்.

இந்தச் செம்மறி எண்ணிக்கைக்குப் பின்னால் மூன்று தலைமுறை ஏற்றம் இருக்கிறது. வெஸ்ட்பி நியூட்டன்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் சேர்த்தார்கள். தாத்தா ராபர்ட் 1623-இல் வுல்ஸ்தார்ப் மேனரையே வாங்கினார். 1639-இல் அதை மகன் பேருக்கும், அவர் கட்டிக்கொள்ளப் போகும் ஹன்னா அய்ஸ்கோ பேருக்கும் எழுதி வைத்தார். கல்யாணம் நடந்தது என்னவோ 1642 ஏப்ரலில், ராபர்ட் கண்ணை மூடிய பிறகு. மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது. அந்தக் காலத்தில் பால்ய விவாகம்தான் நடந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். கேம்பிரிட்ஜில் 1964-இல் பீட்டர் லாஸ்லெட்டும் டோனி ரிக்லியும் ஆரம்பித்த ஆய்வுக்குழு, டெவன் மாவட்டத்துக் கோலிட்டன் போன்ற ஊர்களின் பதிவேடுகளை வரி வரியாக இணைத்துப் பார்த்தது. சாதாரண இங்கிலாந்துப் பெண்ணே இருபதுகளின் நடுவில்தான் கல்யாணம் செய்துகொண்டாள் என்று காட்டியவர்கள் அவர்கள். பிரபு வீட்டுப் பட்டியல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது. சம்சாரியின் குடும்ப வரலாறு தேடத் தகுந்ததுதானா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

நியூட்டன் கொடுத்த பட்டியலில் அடிபட்டுப் போவது இன்னொன்று, அம்மா வழி. வம்சாவளி என்றாலே அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது. ஆனால் நியூட்டன் குடும்பத்தில் அதுவரை படிப்பு வாசனையே கிடையாது. படிப்பு இருந்தது அய்ஸ்கோ வீட்டில். ஹன்னாவின் அண்ணன் வில்லியம், கேம்பிரிட்ஜ் டிரினிட்டியில் படித்த பாதிரியார். ஹன்னா 1646-இல் பார்னபஸ் ஸ்மித் என்ற வயதான பாதிரியாரை மறுமணம் செய்துகொண்டு போனபோது, பையனை வளர்த்ததும் அய்ஸ்கோ பாட்டிதான். பிறகு பையனைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்தியதும் அந்த மாமாதான். அப்பா உயிரோடு இருந்திருந்தால் பிள்ளைக்கும் கைநாட்டுத்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த நினைப்பைத் தள்ளிவிடவும் முடியவில்லை. உலகுக்கு ஒரு விஞ்ஞானியைக் கொடுத்தது பாரனெட் சொந்தம் இல்லை, ஒரு கிராமத்துப் பாதிரியாரின் தலையீடு.

இந்தக் காகிதங்கள் மட்டும் எல்லோருக்கும் நியாயம் செய்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. சொத்து இல்லாதவன் செத்தால் மதிப்புப் போட யாரும் வரமாட்டார்கள். அந்த 234 ஆடுகளை மேய்த்தவர்கள் யார்? அவர்களுக்கு ஞானஸ்நானம் ஒரு வரி, அடக்கம் ஒரு வரி. வேலை தேடி ஊர் மாறிவிட்டால் அந்த இரண்டாவது வரியும் வேறெங்கோ, வேறு எழுத்துக்கூட்டலில். பல பதிவேடுகளில் குழந்தைக்குத் தகப்பன் பெயர் மட்டும் இருக்கும், தாய் பெயரே இருக்காது. கோல்ஸ்டர்வொர்த் தேவாலயத்தில் ஹன்னாவின் பெயரையும் சேர்த்து எழுதியது அதிர்ஷ்டம். ஆக, விவசாயியின் குடும்ப வரலாறு என்று கிடைப்பது பெரும்பாலும் வசதியான விவசாயியின் வரலாறுதான். இதை ஒப்புக்கொள்ளாமல் மரம் வரைவதும் பிரபுவைத் தாத்தாவாக்குவதும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

வுல்ஸ்தார்ப் வீடு இன்று நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது. வருகிறவர்கள் ஆப்பிள் மரத்தோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆடு நின்ற இடத்தைக் கேட்பவர் யாராவது உண்டோ என்னவோ.

மூன்றாவது காகிதம் ஒன்று பாக்கி இருக்கிறது: மேனர் கோர்ட் ஏடு. யார் வேலி உடைந்தது, யார் மாடு யார் பயிரை மேய்ந்தது என்ற பஞ்சாயத்தெல்லாம் அதில் இருக்கும். பதினாறு வயது மகன் நியூட்டனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பண்ணையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் ஹன்னா. 1659 அக்டோபர் 28-ஆம் தேதி கோல்ஸ்டர்வொர்த் கோர்ட்டில் அவர் பெயர் வருகிறது. ஆடுகளை அடுத்தவர் நிலத்தில் விட்டதற்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். பன்றிகள் வயலில் புகுந்ததற்கு ஒரு ஷில்லிங். வேலியைச் சரி செய்யாததற்கு இன்னொரு ஷில்லிங். 1705-இல் கொடுத்த வம்சாவளியில் சேர்க்க அவருக்கு இது தோன்றவில்லை.