சிக்ஷா: கல்வியா, தண்டனையா?

ஒன்றிய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020-இல் கல்வி அமைச்சகம் ஆனது. இந்தியில் அது 'சிக்ஷா மந்த்ராலய்'. மலையாளத்தில் சிக்ஷ என்றால் தண்டனை. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தை அங்கே 'சிக்ஷாநியமம்' என்றே வழங்கினார்கள். தெலுங்கில் அதே சட்டம் 'சிக்ஷாஸ்மிருதி'. கன்னடத்தில் நூலிழை வேறுபாடு: சிக்ஷண கல்வி, சிக்ஷெ தண்டனை.

வேர் ஒன்றுதான், கற்பதைக் குறிக்கும் வடமொழி வேர். வேதாங்கங்கள் ஆறில் சிக்ஷையும் ஒன்று. ஒலியைப் பிழையில்லாமல் சொல்லப் பழக்குவது அதன் வேலை. பிழை திருத்துவது கற்பித்தலில் பாதி. திருத்த வந்த கை பிரம்பை எடுத்த இடத்தில்தான் இச்சொல்லின் பொருளும் திரும்பியிருக்கும் என்று கருதுகிறோம். தமிழில் இரண்டு பொருளும் வாழ்ந்தன. சங்கீதத்தில் குருவிடம் பெறும் பயிற்சி சிட்சை. கிறித்தவத் தமிழில் கண்டித்துத் திருத்துவது சிட்சை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கோதண்டம் போட்ட திண்ணைப் பள்ளிக்கூடங்களை நினைத்தால் இந்தக் கலப்பு வியப்பளிக்காது. பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று எழுத 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்கு ஒரு தனிப்பிரிவே, 17-ஆம் பிரிவு, தேவைப்பட்டது.

வடசொற்கள் எல்லா இந்திய மொழிகளிலும் இருப்பதால் எல்லோருக்கும் விளங்கும் என்று சொல்லப்படுகிறது. இந்திப் பெயரை நாடு முழுவதற்கும் சூட்ட இதுவே காரணமாகிறது. இந்த வாதம் தவறு. உபன்யாஸ் இந்தியில் நாவல், நமக்குச் சமயச் சொற்பொழிவு. சம்சாரம் மலையாளத்தில் பேச்சு, நம் வீடுகளில் மனைவி. அவசரம் தெலுங்கில் தேவை, மலையாளத்தில் வாய்ப்பு. 'சர்வ சிக்ஷா அபியான்' இங்கே 'அனைவருக்கும் கல்வி இயக்கம்' ஆனது. பள்ளி வாசலில் நிற்கும் தாய்க்கு அது உடனே விளங்கியது. கேரளத்திலோ அதன் வழிவந்த திட்டத்துக்கு இன்றும் 'சமக்ர சிக்ஷா கேரளம்' என்பதே பெயர். மக்களுக்கான திட்டத்துக்கு அந்தந்த மக்களின் மொழியிலேயே பெயர் வைக்க வேண்டும்.

எழுதுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அண்டை மொழிகளிலிருந்து நேரடியாக மொழிபெயர்ப்பவர்கள் பெருக வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். தெரியாத சொல் நம்மை அகராதியிடம் அனுப்பிவிடும். தெரிந்தது போலத் தோன்றும் சொல் அனுப்பாது. மொழிபெயர்ப்பை எங்களுக்கு அனுப்புமுன், அதில் அப்படியே தங்கிவிட்ட வடசொற்களை மட்டும் தனியே அடிக்கோடிட்டு, மூலமொழி பேசும் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.