மேப் போடப் போறீங்களா? முதல்ல ஓடிப் பாருங்க

கவுண்டர்-ஸ்ட்ரைக் பைத்தியம் பிடித்த இஞ்சினியரிங் பசங்க மேப் போட ஆரம்பிச்சா முதல்ல கட்டுறது சொந்த ஹாஸ்டலைத்தான். மெஸ், நோட்டீஸ் போர்டு, ஒழுகுற குழாய் எல்லாம் அச்சு அசலா இருக்கும். விளையாடத்தான் முடியாது சாமி! நீள வராந்தா, ஒரே படிக்கட்டு. கோடியில ஒருத்தன் ஸ்னைப்பரோட உட்கார்ந்தா ஆட்டம் காலி. நண்பர்கள் ஒரு ரவுண்டு ஆடிட்டு டஸ்ட்2வுக்கே திரும்பிடுவாங்க.

ஏன்? டேவ் ஜான்ஸ்டன் 2001ல் வெளியிட்ட அந்த மேப்பில் இருப்பதெல்லாம் மணல் நிறச் சுவர்களும் மரப்பெட்டிகளும்தான். ஆனா ரெண்டு பாம் சைட்டுக்கும் ஒண்ணுக்கு மேல வழி உண்டு. மிட்டைப் பிடிச்சவன் எந்தப் பக்கமும் திரும்பலாம். எதிரி எங்கே, எத்தனையாவது நொடியில எதிர்ப்படுவான்ங்கறதுதான் மேப். டெக்ஸ்சரைத் தொடுறதுக்கு முன்னாடி வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்கி, ரெண்டு அணியும் கிளம்புற இடத்துலேர்ந்து ஸ்டாப்வாட்ச் வச்சு ஓடிப் பாருங்க. குழாயை அப்புறமா ஒழுக விடலாம் :)