ஆறு விழுக்காடு: சலுகை அல்ல, நம் பங்கு

கல்விக்கு நாட்டின் வருமானத்தில் 6 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966இல் சொன்னது. 1968 கல்விக் கொள்கை அதை ஏற்றது. 1986 கொள்கையும் அதையே சொன்னது, 2020 கொள்கையும் அதையே சொல்கிறது. ஆட்சிகள் மாறின, அந்த 6 மட்டும் வரவே இல்லை. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிடுவது, எப்படிக் கணக்குப் போட்டாலும், ஏறத்தாழ 3க்கும் நாலரைக்கும் இடையில்தான் நிற்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தி இன்று 300 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் 2 விழுக்காடு குறைந்தாலே ஆண்டுக்கு 6 லட்சம் கோடி ரூபாய் குறைகிறது.

தோழர்களே, இதைப் பொருளாதார வல்லுநர்களின் கணக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நான் பெரம்பலூர்க்காரன். தில்லியில் கூட்டிப் போடும் அந்த மொத்த உற்பத்தியில் அரியலூரில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அதிலிருந்து வரும் சிமெண்ட் இருக்கிறது. எங்கள் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் இருக்கின்றன. கல் சுமந்தவரின், களை பறித்தவரின் உழைப்பு வருமானக் கணக்கில் ஏறுகிறது. அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வரும்போதுதான் நிதி இல்லாமல் போகிறது.

இது பழைய வழக்கு. உழைக்கும் மக்களிடம் வசூலித்த வரி மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது என்று 1882இல் ஹண்டர் குழுவிடம் முறையிட்டார் ஜோதிராவ் புலே. 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் கணக்கோடு வந்தார். கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவிடும் அரசு, மது மீதான கலால் வரியாகத் தலைக்கு 2 ரூபாய்க்கு மேல் எடுக்கிறது. எடுத்த அளவுக்காவது மக்களின் கல்விக்குச் செலவிடுவதுதான் நியாயம் என்றார்.

அந்த அளவுகோலை இன்றைய தமிழ்நாட்டில் வைத்துப் பார்ப்போம். 2024-25இல் டாஸ்மாக் வருவாய் 48,344 கோடி ரூபாய். அதே ஆண்டு பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி. உயர்கல்வியையும் சேர்த்தால்தான் கல்வியின் கணக்கு சற்றே முந்துகிறது. சமூகநீதி பேசும் மாநில அரசு இதற்குப் பதில் சொல்ல வேண்டும். 2020 கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு அதே ஆண்டில் தர வேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,152 கோடியை நிறுத்தி வைத்த ஒன்றிய அரசும் பதில் சொல்ல வேண்டும். 6 விழுக்காடு என்று எழுதி வைத்திருப்பதும் அதே கொள்கைதான்!

அரசு கொடுக்காத பணத்தை யார் கட்டுகிறார்கள்? பெற்றோர். பரம்பரைச் சொத்தும் சம்பளமும் உள்ள வீடு டியூஷனுக்கும் கோச்சிங்குக்கும் கட்டிவிடும். நிலமற்ற வீடு எதை விற்கும்? 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மாநிலத்தில் 20 விழுக்காடு, பெரம்பலூர் மாவட்டத்தில் 31 விழுக்காடு. ஒதுக்கீட்டில் விழும் துண்டு எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தார். பாடத்திட்டமும் மாநிலம் கொடுத்தது, தேர்வும் மாநிலம் வைத்தது. பிறகு கோச்சிங்கை நம்பி நிற்கும் நீட் தேர்வைக் கொண்டுவந்து அந்த மதிப்பெண் செல்லாது என்றார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம்.

பணம் ஒதுக்கினால் மட்டும் நீதி வந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, அதன் அரங்குக்கு அனிதா பெயரும் வைத்தார்கள். வாசலில் இன்னும் நீட்தான் நிற்கிறது. ஆனால் கட்டடமும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் வாசலைத் திறந்துதான் என்ன பயன்? இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அடுத்த நிதிநிலை அறிக்கை வரும் நாளில் மது வருவாயையும் கல்வி ஒதுக்கீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் அந்தத் தாளைக் கொடுத்து, 6 எந்த ஆண்டில் வரும் என்று கேளுங்கள். நாம் கேட்பது நாம் உழைத்துச் சேர்த்த பணத்தில் நம் பங்கு.