சலுகை அல்ல, பாக்கி

கமலா ஹாரிஸ் 2020-ல் அமெரிக்கத் துணை அதிபராகத் தேர்வானபோது, துளசேந்திரபுரம் எங்கே இருக்கிறது என்று நாம் எல்லோரும் தேடினோம். தாத்தாவின் ஊர், அம்மாவின் படிப்பு, இட்லி, தோசை எல்லாம் பேசினோம். அவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று மட்டும் அதிகம் பேர் கேட்கவில்லை. வாஷிங்டனில் 1867-ல் தொடங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகம் அது. மற்ற கல்லூரிகள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் கறுப்பின மக்களுக்காக உருவானவற்றில் ஒன்று.

இப்படிப்பட்ட கல்லூரிகள் இன்று அங்கே ஏறக்குறைய நூறு இருக்கின்றன. பழங்குடியினர் கல்லூரிகள், ஹிஸ்பானிய மாணவர்கள் 25 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ள கல்லூரிகள் என்று இன்னும் சில வகைகளும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து, சிறுபான்மையினருக்குச் சேவை செய்யும் கல்வி நிறுவனங்கள் என்கிறார்கள். (நம்மூர் 'சிறுபான்மையினர் கல்லூரி' மதம் அல்லது மொழி சார்ந்தது. அது வேறு, இது வேறு.)

இவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "எல்லாக் கல்லூரியும் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறதே, இன்னும் எதற்குத் தனிச்சலுகை?" நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

விவசாயம், பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலங்கள் தொடங்குவதற்காக 1862-ல் மத்திய அரசு நிலம் கொடுத்தது. தென் மாநிலங்கள் அவற்றில் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. 1890-ல் இன்னொரு சட்டம் வந்தது. நிறம் பார்க்காமல் சேருங்கள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்து நிதியை நியாயமாகப் பங்கிடுங்கள் என்றது. மாநிலங்கள் தனிக் கல்லூரி வைத்தன. நியாயமான பங்கை மட்டும் மறந்துவிட்டன!

மத்திய அரசு ஆராய்ச்சிக்கு ஒரு டாலர் கொடுத்தால் மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும் என்பது விதி. ஆனால் இந்தக் கறுப்பினக் கல்லூரிகள் விஷயத்தில், பாதியை மட்டும் போட்டுவிட்டு மீதிக்கு விலக்கு வாங்கிக்கொள்ளச் சட்டமே வழி விட்டிருக்கிறது.

2023 செப்டம்பரில் மத்திய கல்வி, வேளாண் துறை அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாணவருக்கு எவ்வளவு கொடுத்தார்களோ அதையே இங்கும் கொடுத்திருந்தால், 1987 முதல் 2020 வரை 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாக வந்திருக்கும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சுமார் 210 கோடி டாலர். இதெல்லாம் அடிமைக்காலக் கணக்கு இல்லை, நம் அப்பா அம்மா காலத்துக் கணக்கு.

பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மைக்ராஸ்கோப்புக்கு ஐந்து பேர் நிற்போம். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். மதிப்பெண் குறைந்தால் 'பையன் சுமார்' என்பார்கள். மைக்ராஸ்கோப் குறைவு என்று யாரும் எழுதமாட்டார்கள்.

அங்கேயும் இதே கதைதான். இக்கல்லூரிகளின் மாணவர்களில் பாதிக்கு மேல் அரசின் பெல் உதவித்தொகை வாங்கும் ஏழைகள். கட்டணம் கட்ட முடியாமல் ஒருவர் நின்றுவிட்டால், ஆறு வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் அது கல்லூரியின் தோல்வியாகப் பதிவாகிறது. பிறகு, "தேர்ச்சி குறைவு, இவர்களுக்கு எதற்குப் பணம்?" என்கிறார்கள். பந்தியில் பாதி இலைக்குப் பரிமாறிவிட்டு, "ஏன் இளைத்துப் போனாய்?" என்று கேட்பது போல இருக்கிறது.

மேரிலாந்தில் இதற்காக 2006-ல் வழக்குப் போட்டார்கள். நான்கு கல்லூரிகளுக்குப் பத்து வருடத்தில் 57.7 கோடி டாலர் தருவது என்று முடிவானது 2021-ல். அதாவது, 2006-ல் முதலாண்டு படித்த மாணவருக்கு அதில் ஒரு காசுகூடப் பயன்பட்டிருக்காது.

இன்று இக்கல்லூரிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லர். அவர்கள் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, எல்லோருக்கும் இனிமேல் ஒரே அளவு என்பது நல்ல விதிதான். ஆனால் அதற்கு முன் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். கடன்காரர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, "இன்றுமுதல் நாம் சமம்" என்றால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?