வேட்பாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

2021 ஜனவரி 5 அன்று ரஃபேல் வார்னாக் வென்றபோது நம் தோழர்கள் பலர் கொண்டாடினார்கள். ஜார்ஜியா மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போகும் முதல் கறுப்பினத்தவர் அவர். மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த எபனேசர் தேவாலயத்தின் இன்றைய போதகர். கொண்டாட வேண்டிய வெற்றிதான். ஆனால் தேர்தல் சட்டங்களின் வரலாற்றை ஆய்வு செய்கிற எனக்கு அந்தத் தேதியே உறுத்தியது. நாடு முழுக்க நவம்பரில் முடிந்த தேர்தல் ஜார்ஜியாவில் மட்டும் ஏன் ஜனவரி வரை இழுத்தது?

அங்கே அதிக வாக்கு வாங்கினால் மட்டும் போதாது, பாதிக்கு மேல் வாங்க வேண்டும். அதே நாளில் நடந்த இன்னொரு செனட் தேர்தலைப் பாருங்கள். நவம்பரில் குடியரசுக் கட்சியின் டேவிட் பெர்ட்யூ 49.7 சதவீதம் பெற்று முன்னணியில் இருந்தார். வேறு பெரும்பாலான மாநிலங்களில் அத்தோடு அவர் வென்றிருப்பார். ஜார்ஜியாவில் இரண்டாம் சுற்றுக்குப் போய், ஜான் ஆசாஃபிடம் சுமார் 55,000 வாக்குகளில் தோற்றார்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜார்ஜியா முழுக்க ஜனநாயகக் கட்சியின் பிடியில் இருந்தது. அந்தக் கட்சியின் பிரைமரியில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், வென்றவர்தான் வென்றவர். பிறகு நடக்கும் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. அந்தப் பிரைமரியில் வெள்ளையருக்கு மட்டுமே வாக்கு என்று கட்சி விதி வைத்திருந்தது. கேட்டால், 'கட்சி என்பது எங்கள் தனிப்பட்ட அமைப்பு, யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்' என்றார்கள். ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டிகள் சொல்லும் அதே பதில்தான்.

டெக்சாஸில் இருந்த இதே ஏற்பாடு செல்லாது என்று 1944 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவரின் சார்பில் வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். ஜார்ஜியா கண்டுகொள்ளவில்லை. அந்த ஆண்டு ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். கொலம்பஸ் நகரில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே போதகராகவும் இருந்த பிரைமஸ் கிங் பிரைமரியில் வாக்களிக்கப் போனார். வெளியே அனுப்பினார்கள். வழக்குப் போட்டு வென்றார். 1946இல் ஜார்ஜியாவில் பிரைமரியின் கதவு திறந்தது.

அந்தக் கதவுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர் மேசியோ ஸ்னைப்ஸ். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர். 1946 ஜூலையில் டெய்லர் கவுண்டியில் நடந்த பிரைமரியில் வாக்களித்த ஒரே கறுப்பினத்தவர் அவர். மறுநாள் வீட்டு வாசலில் சுடப்பட்டார். இரண்டு நாளில் இறந்தார். யாரும் தண்டிக்கப்படவில்லை. பொதுத்தேர்தலுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. பிரைமரியில் போட்ட ஒரு வாக்குக்காகக் கொன்றார்கள் என்றால், அதிகாரம் எந்தக் கட்டத்தில் முடிவாகிறது என்பது கொன்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

துப்பாக்கி போக, கணக்கும் இருந்தது. பிரைமரியில் மக்கள் வாக்கை எண்ணாமல் கவுண்டிகளை எண்ணினார்கள். மிகப் பெரிய 8 கவுண்டிகளுக்கு ஆளுக்கு 6 புள்ளி, அடுத்த 30க்கு 4, மீதி 121க்கு 2. அட்லாண்டா நகரம் இருக்கிற ஃபுல்டனும் மூன்று குட்டிக் கவுண்டிகளும் சமம். அதே 1946இல் வெள்ளை ஆதிக்கத்தை வெளிப்படையாகப் பேசிய யூஜின் டால்மட்ஜ், மக்கள் வாக்கில் பின்தங்கியும் இந்தக் கணக்கில் ஆளுநர் வேட்பாளரானார்.

1963இல் உச்ச நீதிமன்றம் இதையும் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி வந்தது. வெள்ளையர் வாக்கு பல வேட்பாளர்களிடம் சிதறி, கறுப்பின மக்கள் ஒருவர் பின்னால் திரண்டால் அவர் ஜெயித்துவிடலாம்; இரண்டாம் சுற்று வைத்தால் சிதறிய வெள்ளையர் ஒன்றுகூடலாம். இதை முன்னின்று கொண்டுவந்த டென்மார்க் குரூவர், தாம் இனப் பாகுபாடு உள்ளவராக இருந்ததைப் பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார். இடையில் சில மாற்றங்களோடு அந்த விதி இன்றும் இருக்கிறது. அதே விதியில் இரண்டு செனட் இடங்களும் கைமாறியதும், மறு சுற்றுக்கு இருந்த ஒன்பது வாரத்தை நான்காகச் சுருக்கிச் சட்டம் போட்டார்கள். வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதையும் அதே சட்டம் குற்றமாக்கியது.

2022இல் நடந்ததுதான் எனக்கு நம் ஊர் வாசனையடித்தது. குடியரசுக் கட்சியின் பிரைமரியில் டிரம்ப் ஆதரவோடு வென்று வார்னாக்கை எதிர்த்தவர் ஹெர்ஷல் வாக்கர், கறுப்பினக் கால்பந்து நட்சத்திரம். கறுப்பின வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வார்னாக்குக்கே போட்டார்கள். வாக்கரின் பலம் வெள்ளையர் வாக்கு. ஒரு சமூகத்திலிருந்து வந்த வேட்பாளர், ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு யாரோ.

இது அம்பேத்கருக்குப் பழகிய சிக்கல். 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்திலும் ஒரு பிரைமரி உண்டு. ஒதுக்கப்பட்ட 148 இடங்களில் (சென்னை மாகாணத்தில் 30) ஒவ்வொன்றுக்கும் நான்கு பேரைப் பட்டியல் சமூகத்தார் மட்டும் வாக்களித்துத் தேர்வார்கள்; அந்த நால்வரில் ஒருவரைப் பொதுத் தொகுதி முழுதும் சேர்ந்து தேர்வு செய்யும். ஜார்ஜியாவில் பூட்டு முதல் கதவில் இருந்தது, இங்கே இரண்டாம் கதவில். முதலாவதாக வந்தவரை விட்டுவிட்டு, நான்காவதாக வந்தவரைச் சாதி இந்துக்களின் வாக்கு மேலே தூக்கிவிட முடியும். 1946 தேர்தலுக்குப் பின் அம்பேத்கர் முன்வைத்த முறையீட்டின் மையம் இதுதான்.

இன்று நம்மிடம் அந்த அரைப் பிரைமரியும் கிடையாது. தமிழ்நாட்டில் பட்டியல் சமூகத்துக்கு 44 தனித் தொகுதிகள். வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கிறது, எல்லோரும் வாக்களிக்கிறோம். வாக்குச் சாவடிக்கு முன்னால் ஒரு தேர்தல் நடக்கிறது, அதில் நமக்கு ஓட்டில்லை. அடுத்த முறை தனித் தொகுதியில் ஓட்டு கேட்டு வருபவரிடம் சாலை, குடிநீர் பற்றிக் கேளுங்கள். கூடவே, அவர் பெயர் முடிவான அறையில் அந்தத் தொகுதியின் சேரியிலிருந்து யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் கேளுங்கள்.